பாக்கி தீரும்வரை பிடித்து வைத்த கோட்டைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழில் மட்டக்களப்புக் கோட்டையைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தோம். கொத்தளங்கள், பீரங்கிகள், வாசலில் உள்ள ஒல்லாந்த (டச்சு) கம்பனியின் முத்திரை என்று படங்களோடு நன்றாகவே இருந்தது. ஆனால் 'வியாபாரம் செய்ய வந்தவர்கள் நாட்டைப் பிடித்துக்கொண்டார்கள்' என்ற ஒரே வரியோடு முக்கியமான இடத்தைத் தாண்டிப் போய்விட்டது. மாணவர்களின் விடைத்தாளிலும் இதே வரிதான் வருகிறது. எப்படிப் பிடித்தார்கள் என்று கேட்டால் 'சூழ்ச்சியால்' என்று எழுதுகிறார்கள், அதற்குப் புள்ளியும் கிடைக்கிறது. எந்த ஆவணத்தில், எந்த வரியில், எந்தக் கணக்கில் அந்தச் சூழ்ச்சி இருந்தது என்று மேலும் கேட்டால் பதில் இல்லை. அந்தக் கணக்கு எழுதத் தொடங்கிய இடம் மட்டக்களப்புக் கோட்டை நிற்கும் நம்முடைய புளியந்தீவு. அதனால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

காற்றிலிருந்து தொடங்க வேண்டும். பாய்க்கப்பல் காலத்தில் வியாபாரி நினைத்த நேரம் வந்து நினைத்த நேரம் போக முடியாது. கச்சான் வீசும் மாதங்களில் ஒரு திசைக்குத்தான் ஓடலாம், வாடை வீசும் மாதங்களில் மற்றத் திசைக்குத்தான் ஓடலாம். வந்து நங்கூரம் போட்ட கப்பல் காற்று மாறுமுன் சரக்கு ஏற்றியாக வேண்டும் என்பது கரையில் உள்ள எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்தில் போய் மிளகும் கறுவாவும் கேட்டால் விலை ஏறத்தான் செய்யும். ஆகவே கப்பல் இல்லாத மாதங்களில், விலை இறங்கியிருக்கும்போது வாங்கிச் சேர்க்க ஓர் ஆள் கரையில் தங்க வேண்டியதாயிற்று. ஆள் தங்கினால் பண்டகசாலை வேண்டும். ஒரு வருடச் சரக்கு உள்ளே கிடந்தால் காவல் வேண்டும். போட்டிக்காரன் பீரங்கியோடு வருவதால் மதில் வேண்டும். மதிலுக்குள் இருக்கும் சிப்பாய்க்கு மாதச் சம்பளம், அரிசி, வெடிமருந்து வேண்டும். கணக்குப் புரளும் இடம் இதுதான். சரக்கின் இலாபம் கப்பல் போய்ச் சேர்ந்து விற்ற பிறகுதான் கைக்கு வரும், சிப்பாயின் செலவோ பன்னிரண்டு மாதமும் ஓடும். அந்தத் துண்டுவிழும் தொகையை அடைக்க இரண்டு வழிகள் இருந்தன. வேறு எவரும் வாங்காதபடி தடுத்து, வாங்கும் விலையைக் கீழே வைத்திருப்பது ஒன்று. சுற்றியுள்ள நிலத்தில் வரி எடுப்பது மற்றது. முதலாவதைத் தனியுரிமை என்கிறோம், இரண்டாவதை ஆட்சி என்கிறோம். இலங்கைக்கு வந்த மூன்று ஐரோப்பியரும் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போனவர்களே.

போர்த்துக்கேயர் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1505 இல் வந்தார்கள், 1518 இல் கொழும்பில் கோட்டை கட்டினார்கள். கொழும்புக்கு அருகே 'கோட்டை' என்ற பெயரில் இருந்த இராச்சியத்தின் அரசரிடம் கறுவாவைத் திறையாக வாங்கினார்கள். உள்நாட்டுப் போட்டியில் ஒரு பக்கத்துக்குப் படை கொடுத்து, 1580 இல் அந்த இராச்சியத்து அரசர் தர்மபாலனிடம் நாட்டையே நன்கொடையாக எழுதி வாங்கினார்கள். அவர் 1597 இல் இறந்ததும் சாசனம் நடைமுறைக்கு வந்தது. 1619 இல் யாழ்ப்பாணமும் போயிற்று. கிழக்குக்கு அவர்கள் வந்த காரணத்தைக் கவனிக்க வேண்டும். 1626 இல் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம் வியாபாரிகளை வெளியேற்றினார்கள். கண்டி அரசர் சேனரத் அவர்களை ஏற்றுக் கிழக்கில் குடியேற்றினார். சுமார் 4,000 பேர் மட்டக்களப்புப் பகுதிக்கு வந்தார்கள் என்று எழுதப்பட்டிருக்கிறது. கண்டிக்குக் கடல்வழி திறந்திருந்தால் அதே வியாபாரம் மட்டக்களப்பு வழியாகவும் கொட்டியாரம் வழியாகவும் நடக்கும். அந்த வழியை அடைக்கத்தான் 1628 இல் புளியந்தீவில் போர்த்துக்கேயக் கோட்டை எழுந்தது. இங்கே கறுவா விளையவில்லை. மற்றவர் வியாபாரத்தைத் தடுப்பதற்கென்றே கட்டப்பட்ட கோட்டை இது.

ஒல்லாந்தர் வேறு வகை. 1602 மார்ச் 20 இல் தொடங்கிய அவர்களின் ஐக்கிய கிழக்கிந்தியக் கம்பனி ஏறத்தாழ 64 இலட்சம் கில்டர் பங்கு முதலோடு நின்றது. நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கே கோட்டை கட்டவும், படை வைக்கவும், அரசர்களோடு உடன்படிக்கை செய்யவும் அதன் உரிமைப்பத்திரம் அனுமதித்தது. பங்குதாரருக்கு இலாபம் காட்ட வேண்டிய ஒரு வியாபார நிறுவனத்தின் கையில் போர் தொடுக்கும் அதிகாரமும் இருந்தது. பின்னால் நடந்ததெல்லாம் இந்த இரட்டைத் தன்மையிலிருந்து பிறந்தது.

அதே 1602 மே மாத இறுதியில் ஒல்லாந்தக் கப்பல் தலைவர் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக்கு முன்னால் நங்கூரம் போட்டார். பிறகு கண்டிக்குப் போய் அரசர் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். ஒல்லாந்தர் கோட்டை கட்ட விரும்பினால் தானும் தன் குடும்பமும் தோளில் கல் சுமப்போம் என்று அரசர் சொன்னதாகக் குறிப்பு உண்டு. போர்த்துக்கேயரை விரட்ட அவருக்கு வேண்டியிருந்தது ஒரு கடற்படை. அடுத்த ஆண்டே கசப்பு வந்தது. அடுத்து வந்த ஒல்லாந்தத் தளபதி செபால்ட் டி வேர்ட் கடலில் பிடித்த போர்த்துக்கேயரை விடுதலை செய்துவிட்டு, அரசரோடு வாக்குவாதப்பட்டு, 1603 இல் மட்டக்களப்பிலேயே கொல்லப்பட்டார். அரசருக்கு எதிரியை ஒழிப்பது முக்கியம், கப்பல்காரருக்குச் சரக்கு முக்கியம். இரண்டும் ஒன்றல்ல என்பது அன்றே தெரிந்துவிட்டது.

இனி 1638. மார்ச் மாதம் கண்டிக்கு அருகே கன்னொருவையில் கண்டி அரசர் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயப் படையை முற்றாக முறியடித்தார். நிலத்தில் அவர் பலசாலி. கரையோரக் கோட்டைகளைக் கடலிலிருந்து அடிக்கத்தான் அவரிடம் ஒன்றும் இல்லை. வெஸ்டர்வோல்ட் தலைமையில் ஒல்லாந்தக் கப்பல்கள் வந்தன, அரசரின் படை தரைப்பக்கம் நின்றது, மே 18 இல் மட்டக்களப்புக் கோட்டை விழுந்தது. ஐந்து நாள் கழித்து, மே 23 இல், இங்கேயே உடன்படிக்கை எழுதப்பட்டது. இருபது உறுப்புரைகள். போர்த்துக்கேயரைத் துரத்தக் கம்பனி உதவும்; அதற்கான கப்பல், படைச் செலவை அரசர் கறுவா, மிளகு, மெழுகு போன்ற பொருட்களாகத் திருப்பிக் கொடுப்பார்; யானை நீங்கலாக ஏனைய ஏற்றுமதி வியாபாரம் கம்பனிக்கே உரியது. சாரம் இவ்வளவுதான்.

சிக்கல் மூன்றாம் உறுப்புரையில் இருந்தது. பிடித்த கோட்டைகளில் ஒல்லாந்தப் படை நிற்பதைப் பற்றிய உறுப்புரை அது. அரசரிடம் இருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில் 'மாட்சிமை தங்கிய அரசர் விரும்பினால்' என்ற பொருளில் ஒரு தொடர் இருந்தது. கம்பனியின் டச்சுப் பிரதியில் அது இல்லை. அந்தத் தொடர் இருந்தால் கோட்டை அரசருடையது, ஒல்லாந்தர் அவர் அழைத்த கூலிப்படை. இல்லாவிட்டால் ஒல்லாந்தர் உரிமையோடு நிற்பவர்கள். இந்த ஒரு தொடரை வைத்துப் பிறகு பல ஆண்டுகள் கடிதப் போர் நடந்தது. மாணவர்களுக்குச் 'சூழ்ச்சி' என்று பொதுவாகச் சொல்வதை விட்டு, இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

அடுத்தது கணக்கு. 1639 இல் திருகோணமலை, 1640 தொடக்கத்தில் நீர்கொழும்பு, அதே ஆண்டு மார்ச்சில் காலி என்று கோட்டைகள் விழ விழ, செலவுப் பட்டியலும் நீண்டது. பாக்கி தீரும்வரை கோட்டை எங்கள் கையில் பிணையாக இருக்கட்டும் என்றது கம்பனி. பிணையாக வைத்த கோட்டையில் நிற்கும் படைக்கும் செலவு உண்டல்லவா? அதையும் அரசர் பற்றிலேயே எழுதினார்கள். அடகு பிடித்தவர் நகையைக் காவல் காக்கும் கூலியையும் மாதாமாதம் கடனோடு கூட்டினால் அந்த நகை எந்தக் காலத்தில் மீளும்? அரசர் கொடுத்த கறுவாவின் விலை என்ன, எத்தனை கப்பலுக்கு எத்தனை மாத வாடகை என்பதையெல்லாம் பேரேடு வைத்திருந்தவர்களே தீர்மானித்தார்கள். பணம் கேட்டுக் கண்டிக்குப் போன ஒல்லாந்தத் தளபதி கொஸ்டர் 1640 இல் திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். அரசர் தரப்பில் அந்தக் கணக்கை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

எங்கள் பார்வையில் எல்லாவற்றையும்விடத் தெளிவான சான்று வேறொன்று. திருகோணமலையையும் மட்டக்களப்பையும் கம்பனி 1643 க்குள் அரசரிடம் விட்டுவிட்டது. காலியையும் நீர்கொழும்பையும் விடவில்லை. பாக்கி ஒன்றுதான், உடன்படிக்கை ஒன்றுதான். கறுவாக் காடு இருந்த பக்கத்துக் கோட்டைகள் பிணையாயின, கறுவா இல்லாத பக்கத்துக் கோட்டைகள் திரும்பிப் போயின. கடனுக்கும் கோட்டைக்கும் உண்மையில் என்ன தொடர்பு என்பதை அறிய இலங்கைப் படம் ஒன்றில் இந்த நான்கு இடங்களையும் குறித்துப் பார்த்தாலே போதும். 1656 மே மாதம் ஏழு மாத முற்றுகைக்குப் பிறகு கொழும்பு சரணடைந்தபோது வெளியே காத்திருந்த இராஜசிங்கனின் ஆட்களுக்குக் கதவு திறக்கப்படவில்லை. 1658 இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் விழுந்தன.

இராஜசிங்கனை ஏமாளி என்று எழுதுபவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. அவர் நிலத்தில் வென்றவர், ஒரு ஐரோப்பியரைக் கொண்டு மற்றொருவரை வெளியேற்றும் கணக்கு அவருக்கும் இருந்தது. அவர் கையில் கப்பல் இல்லை, பேரேடும் இல்லை. அவ்விரண்டும் இல்லாத அரசர் எவராயினும் இதே இடத்தில்தான் மாட்டியிருப்பார்.

அடுத்த கட்டத்தில் கம்பனி கறுவாவோடு நிற்கவில்லை. ஒல்லாந்த ஆளுநர் றைக்லொஃப் வான் கூன்ஸ் காலத்தில் 1665 இல் திருகோணமலையையும் 1668 இல் மட்டக்களப்பையும் மீண்டும் பிடித்தார்கள். இந்த முறை நோக்கம் கண்டியைக் கடலிலிருந்து துண்டிப்பது. அதுவரை தென்னிந்தியக் கரையிலிருந்து அரிசியும் துணியும் ஏற்றிய தோணிகள் வரும்; இங்கிருந்து பாக்கு ஏற்றிப் போகும். உப்பும் கருவாடும் துணியும் தவளம் எனப்படும் பொதிமாட்டுக் கூட்டங்களில் மலைநாட்டுக்கு ஏறும், பாக்கு அதே மாட்டில் இறங்கும். கம்பனி பாக்கையும் துணியையும் தன் தனியுரிமை ஆக்கியது. அனுமதிச் சீட்டு இல்லாத தோணி பறிமுதல். இதில் என்ன பிழைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். துணி விலை ஏறியது, பாக்குக்குக் கொடுத்த விலை இறங்கியது, தோணிகள் குறைந்ததால் அவை கொண்டுவந்த அரிசியும் குறைந்தது. கள்ளக் கடத்தல் பெருகியது. அதைப் பிடிக்க இன்னும் காவல் வேண்டும், காவலுக்கு இன்னும் செலவு. தனியுரிமையால் மிச்சம் பிடித்த பணத்தைத் தனியுரிமையைக் காப்பதே தின்றது. இலங்கைக் கிளை பல ஆண்டுகள் நட்டத்தில் ஓடியதற்கு இது பெரிய காரணம். அப்படியும் விட்டுப் போகவில்லை, ஏனென்றால் உலகச் சந்தையில் நல்ல கறுவா இங்கிருந்துதான் போயிற்று.

இவ்வளவும் செய்தபோதும் கம்பனி தன்னை ஆட்சியாளர் என்று அழைத்துக்கொள்ளவில்லை. கண்டி அரசருக்கு எழுதும் கடிதங்களில் அவருடைய கரையோரத்தைக் காக்கும் விசுவாசமான ஊழியர் என்றே பணிந்து எழுதியது. ஒவ்வொரு ஆண்டும் தூதுவர் பரிசில்களோடு கண்டிக்குப் போய், அரசரின் நிலத்தில் கறுவா உரிக்க அனுமதி கேட்டு வந்தார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் இந்த வழக்கம் நடந்தது. ஆளும் செயல் கையில், ஆளும் பெயர் கண்டியில்.

பெயரும் கைமாறிய நாள் 1766 பெப்ரவரி 14. 1761 இல் தொடங்கிய போரின் முடிவில் கண்டி அரசர் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் கையெழுத்திட்ட உடன்படிக்கை அது. கம்பனி ஏற்கெனவே வைத்திருந்த கரையோரம் அதன் சொந்த ஆட்சிப் பகுதி ஆயிற்று. மீதிக் கரையோரம் முழுவதிலும் கடலிலிருந்து ஒரு சிங்கள மைல் (அக்காலத்து உள்நாட்டுத் தூர அளவு) அகலத்துக்கு நிலம் கொடுக்கப்பட்டது. அந்த நிலத்தின் வருமானத்துக்கு ஈடாகக் கம்பனி ஆண்டுதோறும் பணம் கொடுக்கும். கண்டி மக்கள் குறித்த உப்பளங்களில் உப்பு எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கடைசி உறுப்புரையை மெல்லக் கடந்து போகக் கூடாது. மலைநாட்டில் உப்பு விளையாது. தன் குடிகளின் உப்புக்கு ஓர் அரசர் அந்நியக் கம்பனியிடம் எழுத்தில் உரிமை வாங்க வேண்டி வந்தது என்றால், கண்டியின் உயிர்நாடி யார் கையில் இருந்தது என்று விளங்கும். கோரளைப்பற்றிலிருந்து பாணமை வரை நம்முடைய கரையோரம் முழுவதும் சட்டப்படி கண்டியிலிருந்து பிரிந்ததும் அன்றுதான். அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்ப் பிள்ளைகளுக்குக் கண்டி ஆங்கிலேயரிடம் போன 1815 ஐவிட 1766 தான் நெருக்கமான ஆண்டு.

ஆட்சி வந்தபின் கம்பனியின் கண் கறுவாவிலிருந்து வேளாண்மைக்குத் திரும்பியது. 1784 முதல் 1794 வரை மட்டக்களப்பில் கம்பனியின் தலைவராக இருந்த யாக்கோப் புர்னான்ட் தனக்குப் பின் வருபவருக்காக எழுதி வைத்த குறிப்பேடு இதைக் காட்டுகிறது. கப்பலில் வந்த ஒரு வியாபார நிறுவனத்தின் அலுவலர், நெற்செய்கையையும் தலைமைக்காரர்களின் அதிகாரத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். விளைந்த நெல்லில் பத்தில் ஒன்று அரசுக்கு என்ற வரி ஆங்கிலேயர் காலத்திலும் தொடர்ந்தது. அதைக் குத்தகைக்கு ஏலம் விட்டபோது, வயலில் நிற்கும் பயிரை மதித்துக் கூடக் கேட்டவருக்கு உரிமை போனது. அறுவடைக்கு முன் அறிவிக்க வேண்டும், சூடடிக்கும் முன் அறிவிக்க வேண்டும், குத்தகைக்காரர் பங்கெடுக்குமுன் களவெட்டியிலிருந்து நெல்லை அள்ளக்கூடாது. அவர் வரப் பிந்தி மழை முந்தினால் சூடு நனையும் நட்டம் உழவருக்கே. ஏலத்தில் கூடக் கேட்டவர் நட்டப்படாமலிருக்க மதிப்பை உயர்த்துவார். 1892 ஆம் ஆண்டின் முடிவோடுதான் இந்த நெல்வரி ஒழிந்தது.

ஆங்கிலேயர் வங்காளத்தில் இதையே பெரிய அளவில் செய்திருந்தார்கள். பிளாசிப் போர் நடந்த 1757 க்கு முன் அவர்களின் கம்பனி வங்காளத்துத் துணியை வாங்கக் கப்பல் கப்பலாக வெள்ளி கொண்டுவந்தது. 1765 ஓகஸ்டில் முகலாயப் பேரரசருக்கு ஆண்டுக்கு 26 இலட்சம் ரூபா கொடுப்பதாகச் சொல்லி நிலவரி திரட்டும் திவானி உரிமையைப் பெற்றது. அதன் பிறகு வங்காள உழவரின் வரிப்பணத்தைக் கொண்டே வங்காள நெசவாளரின் துணியை வாங்கினார்கள். 1770 இல் பஞ்சம் வந்தது. தமிழகத்தில் ஆற்காட்டு நவாப் முகமது அலியின் கதை இராஜசிங்கன் கதைக்கு இன்னும் நெருக்கம். கம்பனிப் படைக்கு அவர் செலவு கொடுக்க வேண்டும். அதற்குச் சென்னையில் இருந்த கம்பனி ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் வட்டிக்கு வாங்கினார். வட்டிக்குக் கிராமங்களின் வரியை எழுதிக் கொடுத்தார். அவருக்குப் பின் 1801 இல் கர்நாடகம் எனப்பட்ட அந்த நவாப் ஆட்சிப் பகுதி முழுவதும் கம்பனி வசமாயிற்று. இடையில் 1799 இல் தஞ்சாவூர் போயிற்று. ஆட்சி இலாபம் தந்ததா என்றால், 1772 இல் அந்தக் கம்பனியே அரசிடம் கடன் கேட்டு நின்றது. கடன் கொடுத்த அரசு 1773 இல் சட்டம் போட்டுக் கண்காணிக்கத் தொடங்கியது. ஒல்லாந்தக் கம்பனி கடனில் மூழ்கி 1799 டிசெம்பர் 31 உடன் முடிந்தது. கம்பனிகள் வீழ்ந்தன, அவை பிடித்த நிலத்தை அரசுகள் எடுத்துக்கொண்டன. வியாபாரம் பேரரசாக மாறிய கடைசிப் படி அது.

இலங்கையில் அந்தப் படி விரைவாக நடந்தது. பிரெஞ்சுப் படையிடமிருந்து தப்பி இங்கிலாந்து போன ஒல்லாந்த இளவரசர், குடியேற்றங்களை ஆங்கிலேயப் பாதுகாப்பில் விடச் சொல்லி 1795 பெப்ரவரியில் கியூவிலிருந்து கடிதம் எழுதினார். ஓகஸ்டில் திருகோணமலை, செப்டெம்பரில் மட்டக்களப்பும் யாழ்ப்பாணமும், 1796 பெப்ரவரியில் கொழும்பு என்று ஆங்கிலேயர் கைக்குப் போயின. படையெடுப்புச் செலவைச் சென்னையிலிருந்த ஆங்கிலக் கம்பனி இங்கேயே திரட்டப் பார்த்தது. ஊர்த் தலைமைக்காரர்களை ஒதுக்கிச் சென்னையிலிருந்து வரி அலுவலர்களைக் கொண்டுவந்தது, தென்னை மரத்துக்கு வரி போட்டது. 1797 இல் கிளர்ச்சி வெடித்தது. 1798 இல் ஃபிரெடெரிக் நோர்த் ஆளுநராக வந்தார், 1802 ஜனவரி 1 முதல் கரையோரம் பிரித்தானிய முடிக்குரிய நாடாயிற்று. அந்த ஏற்பாட்டிலும் கறுவா கம்பனியிடமே இருந்தது: ஆண்டுக்கு 400,000 இறாத்தல், விலை 60,000 பவுண். ஆட்சி ஒரு கையிலும் வியாபாரம் மறு கையிலும் தனித்தனியாகப் பிரிந்து எழுதப்பட்டது அப்போதுதான். கண்டி 1815 மார்ச்சில் போனது.

எங்கள் கோரிக்கை மூன்று. கோட்டை வாசலில் பிடித்தவர், பிடித்த ஆண்டு என்று நிற்காமல், 1638 இன் மூன்றாம் உறுப்புரையின் இரு வடிவங்களையும் திருப்பிக் கொடுத்த, கொடுக்காத கோட்டைகளின் படத்தையும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பலகையில் எழுத வேண்டும். 1638, 1766, 1815 உடன்படிக்கைகள் மூன்றையும் முழுமையாகத் தமிழில் ஒரு சிறு நூலாக மாகாணக் கல்வித் திணைக்களம் வெளியிட்டால் உயர்தர மாணவர்களுக்கு மூல ஆவணம் கைக்கு வரும். ஒல்லாந்தர் காலத்து ஆவணங்கள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. அவற்றில் மட்டக்களப்பு சம்பந்தப்பட்டவற்றுக்கு ஒரு தமிழ் அட்டவணையாவது வேண்டும். உறுப்புரைகளை எளிய தமிழில் ஆக்கவும், பலகைக்கான படத்தை வரைந்து கொடுக்கவும் நாங்கள் ஊதியமின்றி ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்,
மட்டக்களப்பு.